ஆமீன் சொன்ன அமீர்

ஹலப் நகரத்துப் பெரிய பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைத் தொழுகையில் குத்பா என்னும் பிரசங்கம் ஓதுபவன் நான். எந்த அமீரின் பெயரைச் சொல்லி நான் இறைவனிடம் துஆ கேட்கிறேனோ அவரே ஆள்பவர் என்று ஊர் புரிந்துகொள்ளும். பாலைவனக் கூடாரத்திலிருந்து வந்து கோட்டையைப் பிடித்த முகல்லதின் பெயரை என் தந்தை ஓதினார். அவருடைய பிள்ளைகள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு பதவி ஏறினார்கள். அந்தப் பெயர்களையெல்லாம் நான் ஓதினேன். எல்லாவற்றுக்கும் ஊர் ஆமீன் சொன்னது.

முகல்லதின் கடைசிப் பேரன் ஷபீப் அன்று முன்வரிசையில் இருந்தான். "எங்கள் அமீர்" என்று தொடங்கினேன். நாக்கு 'கராதாஷ்' என்றது. துருக்கியப் பெயர்; அப்படியொருவனை நான் கேள்விப்பட்டதே இல்லை. பள்ளிவாசல் ஆமீன் என்று முழங்கியது. ஷபீபும் கண்ணை மூடிக்கொண்டு ஆமீன் சொன்னான்.

தொழுகை முடிந்ததும் என் தலை போய்விடும் என்று நின்றேன். ஷபீப் தோளில் தட்டினான்.

"என்ன ஷேக், தொண்டை கட்டிக்கிச்சா? என் பேரையாவது கொஞ்சம் உரக்கச் சொல்லக் கூடாதா?"

"அடுத்த வாரம் சொல்றேன், அமீரே."

அடுத்த வெள்ளிக்கு முன்பே கோட்டை வாசலில் ஷபீபின் தலை தொங்கியது. ஜெயித்தவன் குதிரையிலிருந்து இறங்கி வந்தான்.

"உங்க பேரு என்னன்னு ஓதணும், அமீரே?"

"போன வாரமே ஓதிட்டீங்களே ஷேக்! அதைக் கேட்டுத்தானே புறப்பட்டு வந்தேன்."

அவன் ஊர் பல மாதப் பயணத் தூரத்தில் இருந்தது.

வெள்ளிக்கிழமை மேடையேறி, "எங்கள் அமீர்" என்றேன். எந்தப் பெயர் வருமோ என்று வாயை இறுக மூடிக்கொண்டேன்.

ஊர் ஆமீன் சொல்லிவிட்டது. முதல் குரல் கராதாஷுடையது.