சட்டை முதுகில் வெள்ளைக் கோடு

உப்பளத்து வெயிலில் ஆட்கள் சுருண்டு விழுந்ததால், எல்லோர் கையிலும் பிளாஸ்திரி போல ஒரு பட்டை ஒட்டிவிட்டார்கள். வேர்வையோடு தானாக வெளியேறும் உப்பை அது உடம்புக்குள்ளேயே திருப்பி இழுத்துவிடும். முன்பெல்லாம் சந்தியாகுவின் சட்டை முதுகில் காய்ந்த வெள்ளைக் கோடுகளை விரலால் தடவி, "இன்னிக்கு ரொம்பப் பாடோ?" என்பாள் மனைவி வியாகுலம். இப்போது கோடு விழாத சட்டை நேரே வாளிக்குப் போகிறது, அவளும் கேட்பதில்லை.

அவர்கள் கல்யாண நாளன்று அவன் தள்ளாடிக்கொண்டு வந்தான். முதுகில் வெள்ளைக் கோடுகள்.

"கூறுகெட்டுப் போச்சா? பட்டைய எங்க கழட்டிப் போட்டிய?"

திட்டிக்கொண்டே மோரில் உப்பைக் கலக்கிக் கையில் திணித்தாள். பிறகு அவள் விரல் முதுகுக்குப் போனது.

"ரொம்பப் பாடோ?"

"ஒண்ணுமில்லட்டி" என்றான் சந்தியாகு, முதுகை அவள் பக்கம் இன்னும் திருப்பிக் கொடுத்தபடி.