சம்பந்தியம்மாவின் நாக்கு

“நாட்டுக்கோழி அடிச்சு வச்சா, அந்த வாடையே ஆகாதாம். அயிரை மீன் குழம்புதான் வேணுமாம், அதுவும் மாங்கா போட்டு!” முத்துத்தாய் அடுப்படியில் பொரிந்தாள்.

“மெதுவாப் பேசு. சம்பந்தியம்மா காதுல விழுந்துறப் போகுது” என்றார் கணவர் கருத்தக்கண்ணன்.

“விழட்டும். மதுரையிலருந்து மருமகளைக் கூட்டிக்கிட்டு வந்து மூணு நாளாச்சு. நேத்து ஆட்டுச் சுவரொட்டி வறுவல், இன்னைக்கு அயிரை. விக்கிற விலை தெரியாமலா கேக்குறாங்க? நம்ம பொண்ணு சுபாவைப் பாருங்க, மாமியாருக்குத் தட்டு தூக்கியே மூஞ்சி சுண்டிப்போச்சு.”

சம்பந்தியம்மா எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடவும் மாட்டார். மூட்டுவலி என்று தட்டை அறைக்கே கொண்டுவரச் சொல்லிவிடுவார்.

இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றலாம் என்று போன முத்துத்தாய், சாத்தியும் சாத்தாமலும் இருந்த கதவருகே நின்றுவிட்டாள்.

உள்ளே சம்பந்தியம்மா, சுபாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

“இன்னும் ரெண்டு வாய் வாங்கிக்கம்மா. இதாவது வயித்துல தங்குதே! எம் பேரைச் சொல்லி எம்புட்டு நாளைக்குக் கேக்குறது? அம்மாகிட்ட சொல்லிரு.”

“மூணு மாசம் முடியட்டும் அத்தை. போன ரெண்டு தடவையும் சொன்ன கையோட கலைஞ்சிருச்சு. இன்னொரு தடவைன்னா அம்மா தாங்காது.”

முத்துத்தாய் குழம்புச் சட்டியோடு சத்தமில்லாமல் திரும்பினாள்.

“என்ன, சம்பந்தியம்மாவுக்குப் போதுமாமா?” என்றார் கருத்தக்கண்ணன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“அது எப்படிப் போதும்? நாளைக்கும் அயிரைதான் வேணுமாம். வெள்ளனவே போயி வாங்கிட்டு வாங்க.”