முதல் கோடை

"உடனே வாங்க சார். தண்ணியைத் தெருவுல ஓட விடறவளைக் கையும் களவுமாப் பிடிச்சுத் தர்றேன்."

லோரெய்ன் தண்ணீர்த் துறைக்குப் போன் போட்டு அரை மணி கூட ஆகவில்லை, வண்டி வந்துவிட்டது. டாரில் என்ற அந்த அதிகாரி இறங்குவதற்குள் அவளே வாசலுக்கு ஓடி வந்தாள்.

"அதோ, நடைபாதையில ஈரம் பாருங்க. பக்கத்து வீட்டு டெல்ஃபினா வேலை. விடியறதுக்கு முன்னாடி திருட்டுத்தனமா ஹோஸ் பைப்பைப் பிடிக்கிறா. ஒரு வாரமா இதே கதைதான். ஊருக்கே தண்ணி தர்ற ஏரி வத்தி அடி தெரியுது, இவளுக்கு எவ்வளவு கொழுப்பு இருந்தா இப்படிச் செய்வா!"

லோரெய்னின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பாலைவன நகரமான வேகாஸின் அந்தப் புறநகர்த் தெருவில், தண்ணீரைக் குடித்துத் தீர்க்கும் வாசல் புல்வெளியை முதல் ஆளாகப் பிடுங்கி எறிந்தவள் அவள்தான். மார்ச் மாதம் புல்லோடு சேர்த்துத் தண்ணீர்க் குழாயையும் தோண்டிக் குப்பையில் போட்டாள். கூழாங்கல் பரப்பி, கற்றாழையும் கள்ளியுமாக நட்டாள்.

"பாலைவனச் செடிக்கு எவன் தண்ணி ஊத்தினான்? நான் ஒரு சொட்டு விடமாட்டேன். கோடை முடிஞ்சதும் வந்து பாருங்க. செடி பிழைச்சிருந்தா நீங்களும் புல்லை எடுங்க" என்று தெருக் கூட்டத்தில் சவால் விட்டாள். ஏழு வீட்டுக்காரர்கள் சரியென்று தலையாட்டினார்கள்.

டெல்ஃபினா மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள். காலமெல்லாம் காசினோவில் சீட்டுப் பிரித்துப் போட்டு ஓய்வு பெற்றவள். வாய் சும்மா இருக்காது.

"லோரெய்ன், எத்தனையோ பைத்தியங்க பந்தயம் கட்டினதைப் பார்த்திருக்கேன். உன்னை மாதிரி ஒண்ணைப் பார்த்ததில்லை."

அன்றோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று போனது. இப்போது கோடை முடிந்துவிட்டது. அந்த ஏழு வீட்டுக்காரர்களும் நாளைக்குத்தான் பார்க்க வருகிறார்கள். செடிகள் கம்பீரமாக நிற்கின்றன. இந்த நேரத்தில் பக்கத்திலேயே ஒருத்தி தண்ணீரை வாரி இறைத்தால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

டாரில் பக்கத்து வீட்டு மணியை அடித்தார். டெல்ஃபினா காப்பிக் கோப்பையோடு வந்து நின்றாள். அதிகாரியைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

டாரில் அவளுடைய வாசலை ஒரு பார்வை பார்த்தார். புல் முழுக்கக் கருகிக் கிடந்தது.

"உங்க புல்லு இப்படி இருக்கே மேடம். அப்போ தண்ணி எங்கதான் போகுது?"

வாயாடி டெல்ஃபினா குனிந்து காப்பியை ஊதிக்கொண்டிருந்தாள்.

"சோம்பேறி சார் அவ! ஹோஸைத் திறந்து விட்டுட்டுப் போய்ப் படுத்துக்குவா" என்றாள் லோரெய்ன்.

டாரில் ஈரத் தடத்தைப் பின்தொடர்ந்து நடந்தார். நடைபாதையில் கொஞ்ச தூரம் போன ஈரம் சட்டென்று திரும்பியது. லோரெய்னின் தோட்டத்துக்குள் போனது.

அவர் காலால் கூழாங்கல்லை விலக்கினார். அடியில் மண் ஈரமாக இருந்தது. அடுத்த செடியடியிலும் அப்படியே. எல்லாச் செடியடியிலும் அப்படியே.

லோரெய்னுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அடிப்பாவி! கள்ளிக்குத் தண்ணி விட்டா வேர் அழுகிப் போகும்னுதானே இந்த வேலை பார்த்தே? நாளைக்கு ஊர் சிரிக்க என்னைத் தலைகுனிய வைக்கணும், அவ்வளவுதானே? சார், இதையும் எழுதிக்கோங்க. என் இடத்துல அத்துமீறி நுழைஞ்சிருக்கா!"

டாரில் எழுதவில்லை. குந்தி உட்கார்ந்து மண்ணைக் கிளறிப் பார்த்தார்.

"எப்போ நட்டீங்க மேடம்?"

"மார்ச்சுல."

"அதுக்கப்புறம் நீங்க தண்ணியே விடலையா?"

"ஒரு சொட்டு விடலை!" இந்தக் களேபரத்திலும் அவள் குரலில் பெருமைக்குக் குறைவில்லை.

"பாலைவனச் செடியா இருந்தாலும் வேர் ஓடற வரைக்கும் தண்ணி வேணும் மேடம். முதல் கோடை ரொம்ப முக்கியம். இந்த வருஷ வெயிலுக்கு இதெல்லாம் ஜூனைத் தாண்டியிருக்காது." அவர் நிமிர்ந்து டெல்ஃபினாவைப் பார்த்தார். "யாரோ வேர் அழுகாம அளவு பார்த்து விட்டிருக்காங்க."

லோரெய்ன் தன் செடிகளைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை மாதமும் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது அத்தனையும் பொய்யா?

"எப்... எப்பலேர்ந்து?"

"மே கடைசியிலேர்ந்து" என்றாள் டெல்ஃபினா. "உன் கற்றாழை சுருங்க ஆரம்பிச்சுது. என் புல்லுக்குன்னு துறை அனுமதிச்ச முறைத் தண்ணியத்தான் இங்க திருப்பி விட்டேன், கூடுதலா ஒரு சொட்டு எடுக்கலை. பாழாப்போன ஹோஸ் ஒரு வாரமா ஒழுகுது, அதான் மாட்டிக்கிட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பியா?"

கேட்டிருக்க மாட்டாள். அது அவளுக்கே தெரியும்.

"நான் தோத்துப் போகணும்னுதானே உனக்கு ஆசை?"

"ரொம்ப ஆசைதான். உன் மூஞ்சி தொங்கறதைப் பார்க்கக் கொடுத்து வைக்கணுமே! ஆனா எங்க அக்கா தெருவுல ஒருத்தி இப்படித்தான் வீறாப்பா நட்டா. முதல் கோடையிலேயே எல்லாம் கருகிப் போச்சு. அதைப் பார்த்துட்டு இன்னைக்கு வரைக்கும் அந்தத் தெருவுல ஒரு வீட்டுல கூடப் புல்லை எடுக்கலை. உன் வீம்புக்கு இந்தத் தெருவும் அப்படி ஆகணுமா?"

லோரெய்ன் கூனிக்குறுகி நின்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

"அழாதே" என்றாள் டெல்ஃபினா. "நாளைக்கு வர்றவங்ககிட்ட மட்டும் உண்மையைச் சொல்லிடு. ஏழு வீட்டுக்கும் ஹோஸ் இழுக்க என் இடுப்பு தாங்காது."