வாசலில் ஒரு கிண்ணம் பால்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, வயிறு குலுங்கச் சிரிக்க ஒரு கதை வைத்திருக்கிறேன்.

கல்யாணம் நிச்சயமான மாப்பிள்ளை, மாமியாரின் தக்காளிப் பசுமைக்குடிலைப் பார்க்க வந்தார். வாசலிலேயே ஒரு கிண்ணம் பாலை நீட்டினாள் மாமியார்.

மாப்பிள்ளை வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டார்.

"அது கை நனைக்க வெச்சது மாப்ள."

கல்யாணப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

மாமியாருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வருஷா வருஷம் தக்காளி இலையில் திட்டுத் திட்டாகத் தேமல் நோய் விழும். வீட்டுக்காரர் டப்பா டப்பாவாக மருந்தடிப்பார். தேமல் போகாது, அந்தச் செடியைத் தொட்டுத் தொட்டு அவள் கைதான் கொப்பளித்துப் போகும்.

இந்த வருஷம் அவள் ஒரே பிடியாக நின்றாள். நோய் கைவழியாகத்தான் பரவுகிறது, செடியைத் தொடுகிற கை பாலில் நனைந்தால் போதும், ஒரு சொட்டு மருந்தும் அடிக்கக் கூடாது. ஒரு இலையில் தேமல் விழுந்தாலும் அப்புறம் உங்கள் இஷ்டம் என்றும் வாயை விட்டிருந்தாள்.

வீட்டுக்காரர் மட்டும், "நான் வளர்த்த செடிக்கு என் கை ஆகாதாக்கும்" என்று கிண்ணத்தைத் தாண்டிப் போவார்.

நேற்று ஒரு செடியில் தேமல் விழுந்துவிட்டது.

இன்று அவர் மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு, ஒரு காலைக் குடிலுக்குள் வைத்து, தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி நின்றிருந்தார்.

பெண் வேறு பால் கொண்டுவந்தாள். "நல்லா நனைங்க. புகையிலை பட்ட விரல்தான் ரொம்ப மோசமாம். சிகரெட்ல இருந்தே இந்தத் தேமல் செடிக்கு ஒட்டுமாம்."

நீட்டிய கையை மாப்பிள்ளை மடக்கிக்கொண்டார்.

"அப்ப நான் உள்ள வரல அத்தை. வர்ற வழியில ஒண்ணு பிடிச்சேன்."

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை என்று மாமியார் மனசு குளிர்வதற்குள், பின்னால் 'தொம்'மென்று ஒரு சத்தம். டேங்க் தரையில் இறங்கியிருந்தது.

உள்ளே வைத்த காலை வீட்டுக்காரர் மெல்ல வெளியே எடுத்தார். கல்யாணமான புதிதிலேயே புகையை விட்டுவிட்டதாக அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

உங்கள் வீட்டுச் செடியெல்லாம் பச்சைப் பசேலென்று நிற்கட்டும், அதைத் தொடுகிற கையெல்லாம் சுத்தமாக இருக்கட்டும். நன்றாயிருங்கள்.