கேட்டருளும்

“ஆண்டவரே, என் உப்பு அம்பாரத்து மேல ஒரு சொட்டு மழை விழக் கூடாது!”

சவரிமுத்து செபம் சொன்னால் அப்படித்தான். கொஞ்சம் கட்டளை மாதிரியே இருக்கும்.

“எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றார்கள், அவர் வீட்டுக் கூடத்தில் மண்டியிட்டிருந்த தெருக்காரர்கள். ஒருவர் வேண்டுதலைச் சொல்ல, மற்றவர்கள் இப்படிப் பதில் சொல்வது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்து வழக்கம்.

சுனாமி வந்து போன பிறகு மரக்காணம் உப்பளத்தில் அவர் எடுத்த முதல் உப்பு அது. பாத்தியில் ஏறிய சேற்றை வாரிப் போடவே மாதக்கணக்காகியிருந்தது. வானம் காலையிலிருந்தே கறுத்துக் கிடந்தது.

அடுத்து ஜான்சி. இவர் பாத்திக்குப் பக்கத்துப் பாத்தி அவளுடையது. புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாகப் பாடுபடுகிறவள்.

“என் உப்பையும் காப்பாத்துங்க சாமி.”

“எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!” அதிலும் சவரிமுத்துவின் குரல்தான் ஓங்கி ஒலித்தது.

இடி இடித்தது. ஜான்சி எழுந்துவிட்டாள்.

“அண்ணே, மானம் கொட்டப் போவுது. ஓடிப் போயி ஓலைய போட்டு மூடிட்டு...”

“உக்காரும்மா! செபத்துக்கு நடுவுல இன்னா இது? புயலையே அதட்டி அடக்கினவரு நம்ம ஆண்டவரு. நம்பிக்கை வேணும்.”

கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்தி அடக்கினார். திறந்து பார்த்தபோது அவள் இல்லை.

“தன் உப்புன்னதும் எப்படி ஓடுறா பாருங்க” என்றாள் கூட்டத்தில் மண்டியிட்டிருந்த சந்தியா, எல்லார் காதிலும் விழும்படி.

“வுடும்மா. விசுவாசம் இல்லாதவள புடிச்சு வெச்சு இன்னா பண்றது?” சவரிமுத்து செபமாலையைக் கையிலெடுத்தார்.

மழை பிடித்துக்கொண்டது. அவர் குரலை உயர்த்தினார். மழையும் விடவில்லை. ஒருவழியாக இரண்டும் ஓய்ந்தபோது எல்லாரும் உப்பளத்துக்கு ஓடினார்கள்.

சவரிமுத்துவின் அம்பாரம் உச்சி முதல் அடி வரை ஓலை போர்த்தி, காற்றுக்குப் பறக்காமல் கயிறு கட்டி, பத்திரமாக இருந்தது.

“பாத்தீங்களாய்யா! இதான் செபத்தோட வல்லமை!” வரப்பிலேயே மண்டியிட்டார்.

அப்போதுதான் அம்பாரத்தின் மறுபக்கத்திலிருந்து ஜான்சி எழுந்து வந்தாள். தொப்பலாக நனைந்திருந்தாள். கயிறு இழுத்த உள்ளங்கையில் ரத்தம்.

“நல்லா கட்டிட்டேன்ணே. உள்ள ஈரம் எறங்கியிருக்காது.”

அவள் பாத்திப் பக்கம் பார்த்தார். அங்கே ஓலை அடுக்கியபடியே கிடந்தது. அம்பாரம் பாதிக்கு மேல் கரைந்து வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது.

சந்தியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முழங்காலில் இருந்த சவரிமுத்துவுக்கு எழுந்திருக்கவே கூச்சமாக இருந்தது.

“ஏம்மா... உன்னுத மூடாம, என்னுத எதுக்கும்மா மூடின?”

“உங்க உப்புக்காக நானும் ‘கேட்டருளும்’னு சொன்னேனேண்ணே. சொல்லிட்டு அப்டியே எப்படி வுடுறது?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

முகத்து மழைத் தண்ணீரைப் புறங்கையால் வழித்துக்கொண்டு ஜான்சி வெள்ளந்தியாகச் சொன்னாள்:

“என் உப்புக்குத்தான் நீங்க எல்லாரும் சொன்னீங்களே. பின்னாலயே வந்துக்கினு இருப்பீங்கன்னு நெனச்சேன்ணே.”