மசியாத செல்கள்

ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை, புற்றுநோய்ச் செல்களைத் தலைமுடியைவிட ஒடுங்கிய கண்ணாடிச் சந்துக்குள் தள்ளிப் பார்ப்பது. இளகிய செல் நெளிந்து நுழைந்துவிடும். உடம்பிலும் அப்படித்தான் ஊர்ந்துபோய் வேறிடத்தில் குடியேறும். விறைப்பானது வாசலிலேயே சிக்கிக்கொள்ளும்.

இந்த வாரம் வந்தவை அவளுடைய அக்காவின் செல்கள். எல்லாமே எண்ணெய் தடவியதுபோல் வழுக்கிக்கொண்டு போயின.

"எல்லாம் வளைஞ்சு கொடுத்துப் போகுதுக்கா" என்றாள், மருத்துவமனைக் கட்டிலருகே.

மாமியார், மேலதிகாரி, டாக்டர் என்று எவருக்கும் வளையாத அக்கா முறைத்தாள். "என் உடம்புல பொறந்துட்டு வளையுதா? நிமிர்ந்து நிக்கச் சொன்னேன்னு போய்ச் சொல்லுடி."

மறுநாள் காலை, யாரும் வருமுன், அவள் ஆய்வுக்கூடத்தில் அந்தக் கண்ணாடிச் சந்தின்மேல் குனிந்து அப்படியே சொன்னாள். சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள்.

அன்று ஒரு செல்லும் உள்ளே நுழையவில்லை. எல்லாம் சந்தின் வாசலில் வந்து நின்றன. தலைமை ஆய்வாளர் சந்துள்ள வேறொரு புதுக் கண்ணாடித் தகட்டை மாற்றிப் பார்த்தார். அதிலும் நின்றன.

"எங்கயோ அடைச்சிருக்கு. அழுத்தத்தைக் கூட்டும்மா."

கூட்டினாள்.

"இன்னும் கொஞ்சம்."

கண்ணாடி விரிசல் விட்டு, திரவமெல்லாம் மேசையில் ஒழுகியது. செல்களில் ஒன்றுகூட மசியவில்லை.