ஐந்து ஆம்பியர்
பெய்ரூட்டில் அரசாங்கக் கரண்ட் போய்விட்ட பிற்பகல். தெருமுனை ஜெனரேட்டர் உறுமுகிறது. மாதக் கட்டணத்துக்கு அதிலிருந்து நுஹாத் வீட்டுக்கு வருவது ஐந்து ஆம்பியர். ஃபிரிஜ்ஜும் மின்விசிறியும் ஓடினாலே இந்த வாரமெல்லாம் சுமை தாங்காமல் சுவிட்ச் விழுந்துவிடுகிறது. மாடிவீட்டு ஹியாம் எதிரே உட்கார்ந்து, ஏலக்காய் மணக்கும் காபியை ஊதி ஊதிக் குடிக்கிறாள். அவள் வீட்டு வாஷிங் மெஷின் தலைக்கு மேல் கடகடக்க, மேசையில் கோப்பைகள் மெல்ல அதிர்கின்றன. “உன் வீட்ல மட்டும் எப்படிடி எல்லாம் ஓடுது?” என்கிறாள் நுஹாத். “கண்ணு வைக்காதக்கா. நாங்க பத்து ஆம்பியருக்கு மாத்திட்டோம்ல.” சொன்னவளின் பார்வை கோப்பையை விட்டு எழவில்லை. நுஹாத் சர்க்கரை எடுப்பவள்போல் எழுந்துபோய், கதவோரப் பெட்டியில் தன் வீட்டுச் சுவிட்சைத் தானே கீழே தள்ளுகிறாள். மின்விசிறி தளர்ந்து நிற்கிறது. தலைக்கு மேல் கடகடப்பும் நிற்கிறது. கோப்பைகள் அடங்குகின்றன. தெருவில் மட்டும் ஜெனரேட்டர் விடாமல் உறுமிக்கொண்டிருக்கிறது. ஹியாம் நிதானமாக ஒரு மிடறு குடிக்கிறாள். “பாத்தியாக்கா, மறுபடி நிறுத்திட்டான் அந்த ஜெனரேட்டர்காரன். கட்டையில போறவன்!”